காதில் மாட்டிய கரண்ட்

எனக்குக் கரண்ட் என்றால் பயம். இருபத்திரண்டு வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருப்பவன் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எலக்ட்ரீஷியன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் காட்டினால்தான் நான் பேனலுக்குப் பக்கத்திலேயே போவேன். அப்படிப்பட்டவன், ஒரு கிளிப்பை இடது காதில் மாட்டிக்கொண்டு, அதற்குள் கரண்ட் விடுகிற பட்டனைத் தினமும் நானே அழுத்துவதாக எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"வேணாம்னா இப்பயே வேணாம்னு சொல்லிருங்க. ஆரு உங்கள கட்டாயப்படுத்துறா?" என்றாள்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம்தான் என்னை அங்கே இழுத்துவந்து உட்காரவைத்தது.

இரண்டு வருஷமாக எனக்குக் காதிரைச்சல். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் சன்னமாக ஒரு சீற்றம் கிளம்புமே, அதுதான். விசில் மட்டும் வராது. அது நிற்கவும் நிற்காது. திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள், கடைசியில் "பழகிக்கோங்க" என்றார்கள். பழகிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் என் பிழைப்பு அப்படிப்பட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில். அங்கே பதினெட்டு ரிங் பிரேம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். பஞ்சை நூலாக முறுக்குகிற மெஷின். அதிலிருக்கும் பேரிங்குகள் நன்றாக இருக்கின்றனவா, காய்ந்துபோய்விட்டனவா என்று பார்ப்பதற்கு நாங்கள் காது வைத்துக் கேட்போம். நீளமான திருப்புளியின் நுனியைப் பேரிங்குக்கு மேல் இருக்கும் இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்த வேண்டும். டிபார்ட்மெண்ட் முழுக்கக் காதைப் பிளக்கிற சத்தம் இருந்தாலும், அந்தக் கம்பி வழியாக ஒரே ஒரு பேரிங் மட்டும் தனியாகப் பேசும். நல்ல பேரிங் என்றால் ஒரே சீராக உருளும். கிரீஸ் காய்ந்த பேரிங் சன்னமாகக் கீச்சிடும். கேட்டு முடித்து, சரி என்று பட்டால், பிரேமின் கதவில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவோம். அதற்கு மீட்டர் ஒன்றும் உண்டு. அது ஆபீஸ் அலமாரியில் பேட்டரி ஒழுகிக் கிடக்கிறது. அதைக் கேட்டால், "ஏன், காது எங்க போச்சு?" என்பார்கள். எங்கள் மில்லில் பிட்டரின் மரியாதையே காதில்தான் இருக்கிறது.

கடவுள் எனக்கு இரைச்சலைக் கொடுத்ததுதான் கொடுத்தான், மோட்டார் உறுமுகிற மாதிரி கனத்த சத்தமாகக் கொடுத்திருக்கலாம். காய்ந்த பேரிங் கீச்சிடுகிற அதே சுருதியில் கொண்டுவந்து வைத்தான். திருப்புளியைக் காதில் வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்கிறது. எடுத்தாலும் கேட்கிறது. கத்துவது மெஷினா, நானா என்று எனக்குத் தெரியவில்லை.

சூடேறிய பேரிங்கைச் சுற்றிப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். அதில் ஒரு பொறி போதும். ஒரு ஷிப்டில் வடமதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து மில் பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் எத்தனை பேர் அந்தப் பிரேம்களுக்கு நடுவில் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் பயம் அதுதான். காது போய்விடுமோ என்பதல்ல. என் காதை நம்பி அங்கே நிற்கிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான். மில்லில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்ட உட்காரவைப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்து மரியாதையோடு அட்டைப்பெட்டி ஒட்ட எனக்கு மனசில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அதுதான் உண்மை.

அந்த நேரத்தில்தான் அதே மருத்துவமனையில், வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்று நடத்துகிற ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆய்வைக் கவனித்துக்கொண்டது காதுப் பரிசோதனை செய்கிற ஒரு பெண். என் தங்கை வயசுதான் இருக்கும். பொறுமையாகப் பேசினார்.

"மூளையிலேர்ந்து கழுத்து வழியா நெஞ்சு, வயிறு வரைக்கும் ஒரு நரம்பு போகுது சார். அதோட ஒரு கிளை மட்டும் காதுமடல்ல தோலுக்கு அடியிலயே ஓடுது. ஊசியெல்லாம் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. தோலுக்கு மேலயே கிளிப்ப மாட்டி, ரொம்பச் சின்னக் கரண்ட் வச்சு அதத் தூண்டி விடுறோம். கூடவே ஹெட்போன்ல சில சத்தங்கள் வரும். மூளை அந்த இரைச்சலக் கண்டுக்கிறத விடுதான்னு பாக்குறோம். குறையும்னு உத்தரவாதம் இல்ல. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே."

அவர் சொன்னதில் என் மனசில் நின்றது ஒரே ஒரு சொல். நெஞ்சு. காதில் கிளிப்பை மாட்டினால் கரண்ட் நெஞ்சு வரைக்கும் போகுமா? கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்துத்தான் ஆளைச் சேர்ப்போம் என்றார். நெஞ்சுவலி, படபடப்பு எது வந்தாலும் உடனே கழற்றிவிட்டுப் போன் செய்ய வேண்டும் என்றார். அது எனக்குத் தைரியம் கொடுப்பதற்குப் பதிலாக, அப்படியெல்லாம் வரும்போலிருக்கிறதே என்று இன்னும் பயத்தைக் கிளப்பியது.

இன்னொன்றும் சொன்னார். மெஷின்களில் இரண்டு வகை. ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்றில் வராது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது போனது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற அவருக்கும் தெரியாது. கரண்ட் இருந்தாலும் ரொம்பக் குறைவு என்பதால் பாதிப் பேருக்கு உணர்வே இருக்காதாம். "அதனால இது வேல செய்யுதா இல்லையான்னு நீங்களாச் சோதிச்சுப் பாக்காதீங்க. அது மட்டும் ரொம்ப முக்கியம்" என்றார். தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டு வாரம். தினமும் அரைமணி நேரம். பகல் ஷிப்டு வாரத்தில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்காருவேன்.

முதல் நாளை மறக்க முடியாது. என் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் வேலை பார்த்தவள். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை முதலுதவி வகுப்பு நடக்கும். கரண்ட் அடித்தவரைக் கையால் தொடாதே, காய்ந்த கட்டையால் தட்டிவிடு என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை. என்னை மரப்பலகையில் காலை வைத்து உட்காரச் சொன்னாள். வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பிறகு அடுப்படியிலிருந்து பருப்பு கடைகிற மத்தை எடுத்துவந்து, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எதுக்குடி மத்து?"

"நீங்க பாட்டுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தா, நான் எதுல தட்டிவிடுறது?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கிளிப்பை மாட்டினேன். வலது கைப் பெருவிரலைப் பட்டனில் வைத்தேன். அழுத்தவில்லை. அவள் மத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் நெஞ்சு அடித்த அடி எனக்குக் கேட்டது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. காதில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று இன்று வரைக்கும் சொல்ல முடியாது. ஹெட்போனில் மணி ஒலிப்பது போலவும் தண்ணீர் ஓடுவது போலவும் சத்தங்கள் வந்தன. அரைமணி நேரமும் நான் ஒரு கையை நெஞ்சிலேயே வைத்திருந்தேன். முடிந்ததும் என் மனைவி மத்தைக் கழுவாமலேயே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். நான் பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்பார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இரைச்சல் இப்போது எவ்வளவு? முதலில் எட்டு என்று சொன்னேன். மூன்றாவது வாரம் ஐந்து.

பொய்யில்லை, உண்மையாகவே ஐந்துதான். ஒரு சாயங்காலம் கிளிப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைகிற சத்தம் கேட்டது. தண்ணீரை வடிக்கும்போது கை பாத்திரத்தில் உரசுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மில்லில் திருப்புளியைக் காதில் வைத்தால், உருளுகிற சத்தமும் கீச்சும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நெஞ்சில் கனமில்லாமல் ஒரு டிக் போட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பிட்டர் புத்தி விடாது. ஓடாத மெஷின் திடீரென்று ஓடினால், ஏன் ஓடுகிறது என்று தெரிகிற வரைக்கும் எங்களுக்குத் தூக்கம் வராது. இது நிஜமாகவே கரண்ட் விடுகிற மெஷின்தானா? இல்லை, வெறும் பச்சை விளக்கை நம்பி என் மனசு என்னை ஏமாற்றுகிறதா? மனசு ஏமாற்றுகிறது என்றால் அந்த ஐந்து எத்தனை நாளைக்கு நிற்கும்? நான் போட்ட டிக் எல்லாம் எந்தக் காதை நம்பிப் போட்டது?

மல்டிமீட்டரில் போடுகிற சதுர பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, மில்லில் நாங்கள் அதன் இரண்டு முனையையும் நாக்கில் வைப்போம். சுள்ளென்றால் நல்ல பேட்டரி. சுரணையில்லை என்றால் குப்பைக்கு. கரண்டுக்குப் பயப்படுகிற நானே தயங்காமல் செய்கிற காரியம் அது. கை தானாகப் பழகியிருக்கிறது. ஐந்தாவது வாரம் ஒரு நாள், மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த நேரம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைக் காதிலிருந்து கழற்றி நாக்கில் வைத்தேன்.

ஒன்றுமில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. நாக்கைத் திருப்பி வைத்தேன், அழுத்தி வைத்தேன். செத்த பேட்டரியில் இருக்கிற துருப்பிடித்த ருசிகூட இல்லை.

ஆக, எனக்கு வந்தது பொய் மெஷின். அரைமணி நேரம் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாததற்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. அந்த வாரக் கடைசிக்குள் இரைச்சல் பழைய இடத்துக்கே ஏறியது. அரிசி களைகிற சத்தம் போய்விட்டது.

அடுத்த முறை அந்தப் பெண் எண்ணைக் கேட்டார். எட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஐந்திலிருந்து எப்படி ஏறியது, என்ன நடந்தது என்று கேட்பார். நாக்கில் வைத்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். மில்லில் எங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஆபீசர் வந்து "ரெடியா?" என்று கேட்டால், முதலில் "ரெடி சார்" என்று சொல்லிவிடுவோம். ரிப்பேரை அதற்கப்புறம்தான் செய்வோம். அவர் முகம் வாடாது, நமக்கும் நேரம் கிடைக்கும்.

"நாலு மேடம்," என்றேன்.

"அட! நல்லா எறங்குதே சார்!" என்று அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அவர் எழுதுவது என் ஒருவனுக்காக அல்ல. எங்கோ என்னைப் போலவே தலைக்குள் கீச்சுச் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிற யாருக்கோ, இது பலிக்குமா பலிக்காதா என்று சொல்லப்போகிற எண் அது. தெரிந்தேதான் சொன்னேன். அதற்கடுத்த முறையும் நாலு என்றேன்.

மில்லில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் எங்கள் ஹெட் பிட்டர். என்னைவிட ஆறு வயசு மூத்தவர். வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். பகல் ஷிப்டில் காலையில் எல்லா பிரேமையும் அவர் ஒரு சுற்றுக் கேட்டு டிக் போடுவார். மத்தியானம் நான் ஒரு சுற்றுக் கேட்டு, அவர் டிக்குக்குப் பக்கத்தில் இன்னொன்று போடுவேன். என் காது தடுமாறினாலும் அவர் காது இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

எட்டாவது வாரம் அது நடந்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பதினொன்றாம் நம்பர் பிரேமில் திருப்புளியை வைத்தேன். கீச்சுச் சத்தம். எடுத்தேன். கீச்சுச் சத்தம். மறுபடி வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறதோ? கதவில் காலையில் போட்ட டிக் இருந்தது. அவரே சரி என்று சொல்லிவிட்டார், இது என் சத்தம்தான், பிரேமை நிறுத்தினால் நூலெல்லாம் அறுந்து ஆபீசர் கத்துவார் என்று நினைத்துக்கொண்டு, நானும் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

அரைமணி நேரம் ஆகியிருக்காது. அந்த பிரேமைப் பார்க்கிற பெண் வேகமாக என்னிடம் வந்தாள். டிபார்ட்மெண்டுக்குள் வாயால் பேசினால் யாருக்கும் கேட்காது, கை ஜாடைதான். மூக்குக்கு அடியில் விரல்களைத் தேய்த்துக் காட்டி, பின்னால் கையை நீட்டினாள். ஏதோ வாடை. ஓடினேன். நான் காது வைத்த அதே இடத்தில் இரும்பு கையை வைக்க முடியாமல் கொதித்தது. அதைச் சுற்றிப் படிந்திருந்த பஞ்சு வறுத்த நிறத்துக்கு மாறியிருந்தது. சிவப்பு பட்டனை அழுத்தி பிரேமை நிறுத்தினேன். நான் வருவதற்கு முன்னாலேயே அவள் கையாலேயே கொஞ்சம் பஞ்சைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். இரண்டு விரல் நுனி சிவந்து கொப்பளித்திருந்தது.

மருந்து போட வெளியே கூட்டிக்கொண்டு போனபோதுதான் அவள் வாய் திறந்து பேசினாள்.

"காலையிலருந்தே அது ஒரு மாதிரியாக் கத்துச்சுண்ணே. சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்து வச்சுக் கேட்டுட்டு டிக் போட்டீங்களா, அப்ப என் காதுதான் தப்புன்னு விட்டுட்டேன்."

அவள் விரலில் மருந்து தடவிக் கட்டுப் போட்டேன். அன்றைக்கு மில் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குத் திரும்பும் வழியெல்லாம், அந்தப் பஞ்சு பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு கட்டமாக மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அங்கே தனியாக நின்றிருந்தாள். வெளியே போகிற கதவு அந்தக் கடைசியில் இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, முறை இல்லாத நாளிலேயே மருத்துவமனைக்குப் போனேன். நாக்கில் வைத்தது, அன்றிலிருந்து நாலு நாலு என்று சொன்னது எல்லாம் பொய், எட்டுதான் என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாக்குல வச்சா ஒண்ணும் தெரியாது சார்," என்றார். "கிளிப் காதை விட்டு எடுத்த உடனே மெஷின் கரண்டை நிறுத்திரும், மறுபடி பட்டன அழுத்தாம வராது. பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்காங்க. விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நிஜ மெஷினா இருந்தாலும் அப்படித்தான், பொய் மெஷினா இருந்தாலும் அப்படித்தான்."

"அப்ப எனக்கு வந்தது நிஜ மெஷினா மேடம்?"

"எனக்குத் தெரியாது. ஆய்வு முடிஞ்சு எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கும்போதுதான் தெரியும். ஆனா நீங்க இனிமே இதுல இருக்க முடியாது. உங்க எண்ண வச்சு நாங்க எதையும் சொல்ல முடியாதே சார்."

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டிக்குள் வைக்கும்போது அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணாவது வாரம் அஞ்சுன்னு சொன்னீங்களே சார், அதாவது உண்மையா?"

"சத்தியமா உண்ம மேடம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை மூடினார். அந்த ஐந்தைக் கொடுத்தது கரண்டா, பச்சை விளக்கா என்று இதை எழுதுகிற இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதை அடித்து விரட்டியது என் நாக்கு என்பது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "காதத் தூக்கிப் போட்டுட்டு அட்டப்பெட்டியே ஒட்டுங்க. அந்தப் பிள்ளைக்குக் கை போயிருந்தா நாம சோறு தின்ன முடியுமா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் மறுநாள் மில் பஸ்ஸில் ஏறும்போது, படிக்கட்டிலேயே கால் நின்றுவிட்டது. பின்னால் ஏறுகிறவர் முதுகில் தட்டியதால்தான் உள்ளே போனேன்.

மத்தியானம் டீ நேரத்தில் ஹெட் பிட்டரைத் தனியாக சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, அவரோடு மேனேஜரிடம் போகலாம் என்று நினைத்திருந்தேன். இரைச்சலைச் சொன்னேன். இரண்டு வருஷத்தைச் சொன்னேன். பதினொன்றாம் நம்பரில் எனக்கு எதுவும் பிரிந்து கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

அவர் வாய்வரை கொண்டுபோன டீயைக் கீழே இறக்கினார்.

"தம்பி," என்றார். "கேக்காமத்தான் டிக் போட்டியா?"

"நீங்க காலையில போட்டிருந்தீங்கண்ணே. அத நம்பித்தான் போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். இருபது வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறேன். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எனக்கு இந்தக் காது கேட்டு நாலு வருஷமாச்சுப்பா," என்று வலது காதைத் தொட்டார். "இன்னொரு காதுல கீச்சு கீச்சுன்னு ஓயாம ஒரே சத்தம். பின்னாடியே நீ வந்து வச்சுப் பாப்பேன்னுதான் நானும் போட்டுட்டுப் போவேன்."

நாலு வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷத்தில், காலை ஒரு டிக், மத்தியானம் ஒரு டிக். நாங்கள் இரண்டு பேரும் நின்ற பகல் ஷிப்டில் அந்தப் பதினெட்டு பிரேம்களை உண்மையில் கேட்டவர் யாருமே இல்லை. நான் அவரை நம்பினேன், அவர் என்னை நம்பினார், அந்தப் பெண்கள் சாக்பீஸ் கோட்டை நம்பினார்கள்.

"இன்னிக்கி போட்டுட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் போட்டுட்டேன்," என்றார்.

இரண்டு பேரும் டீ கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினோம். மேனேஜரைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. அவர் அந்தக் கடைசியிலிருந்தும் நான் இந்தக் கடைசியிலிருந்தும் சிவப்பு பட்டன்களை அழுத்திக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு பிரேமாக ஓய்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இடம் முழுதாக நின்று நான் பார்த்ததில்லை. பெண்கள் அங்கங்கே அப்படியே நின்றார்கள். விரலில் கட்டுப் போட்டிருந்தவள் மட்டும் என்னிடம் வந்து, பழக்கத்தில் வாய் திறக்காமல், என்ன என்று கையை விரித்துக் கேட்டாள்.

மெஷின்கள் நின்றிருந்தன. வாயாலேயே சொல்லியிருக்கலாம். என் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் திரும்பி ஹெட் பிட்டரைப் பார்த்தாள். அவரும் தன் காதைத் தொட்டார்.